சஸ்பென்ஷன் லிஃப்ட்டுக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

போடி ஆசிரியர், செவ்வாய் இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம். மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பதினோராம் பாடத்தில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் கொட்டகையில் பழைய மகிந்திரா எம்.எம். 540 ஒன்று நிற்கிறது. 1985இல் வந்த வண்டி. எங்கள் பக்கத்தில் அதைத் தெரியாதவர் கிடையாது. வகுப்பில் சிலருடைய அப்பாக்கள் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள். அதன் சஸ்பென்ஷனை, அதாவது அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் அமைப்பை, இரண்டு அங்குலம் உயர்த்துவதுதான் பாடம். மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டால் 'இடைநீக்க லிஃப்ட்' என்கிறது. ஜீப்பை வேலையை விட்டு நிறுத்தி வைத்தது போல இருக்கிறது. சரி, 'தொங்கல்' என்று மாற்றினேன். ஒரு பையன் எழுந்து, "சார், அது சாக்பீஸ் தூளைத் தண்ணியில கலக்குற பாடம்" என்றான். அவன் சொன்னதும் சரிதான், அறிவியல் புத்தகத்தில் தொங்கல் அதுதான்.

அடுத்த பாடம் பாடி லிஃப்ட். இரண்டையும் பிரித்துக் காட்டும்படி சொல் அமைய வேண்டும். உதவுங்கள்.

தஞ்சைப் புலவர், செவ்வாய் இரவு 11.15

அன்புடையீர், விடை வேர்ச்சொல்லிலேயே இருக்கிறது. தூங்கு என்றால் தொங்கு. தூங்கெயில், அதாவது தொங்கும் கோட்டை, எறிந்த சோழனை நினையுங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் தூங்கணாங்குருவிக் கூட்டை நினையுங்கள். உறக்கம் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து. தூங்கு என்பதன் பிறவினை தூக்கு. அடங்கு, அடக்கு, நீங்கு, நீக்கு, தூங்கு, தூக்கு. ஆங்கிலத்தானுக்கு இரண்டு சொல் தேவைப்படுகிறது. நமக்கு ஒரே வேர் மெலிந்தால் சஸ்பென்ஷன், வலித்தால் லிஃப்ட்! ஆகவே 'தூங்கல் தூக்கு'.

இன்னொன்று. தொல்காப்பியர் எண்ணும் செய்யுள் உறுப்புகளில் தூக்கும் ஒன்று. வஞ்சிப்பாவுக்கு ஓசை தூங்கல், கலிப்பாவுக்குத் துள்ளல். நல்ல சஸ்பென்ஷன் உள்ள வண்டி தூங்கல் ஓசையில் போகும். உங்கள் கொட்டகை ஜீப் இப்போது கலிப்பாவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாமக்கல் பட்டறை, புதன் காலை 6.20

ஐயா சொன்ன கலிப்பாவை ரசித்தேன். ஆனால் ராத்திரி லோடு ஓட்டுகிறவரிடம் 'தூங்கல்' என்று ஒரு சொல்லைக் கொடுக்காதீர்கள்.

நாங்கள் இதை 'வண்டியைத் தூக்கிக் கட்டுறது' என்போம். அதிலும் மூன்று வகை உண்டு. ஒன்று, பட்டைக் கட்டில் (லீஃப் ஸ்பிரிங்) கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது. வண்டி உயரும், ஆனால் விறைத்துப் போகும், காலியாக ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். இரண்டு, பட்டையை வண்டியோடு இணைக்கிற ஷாக்கிளை நீளமாக மாற்றுவது. ஷாக்கிள் பட்டையின் ஒரு முனையில்தானே இருக்கிறது? அதனால் அதை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஒரு அங்குலம்தான் உயரும். பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை முதலில் சொல்லிக் கொடுங்கள். கூடவே அச்சும் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், ஸ்டியரிங் அலையும். அதைச் சரிக்கட்டப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் சரிவாகச் சீவிய இரும்புத் துண்டு வைப்போம். அதற்குப் பெயர் ஆப்பு. அந்த ஒன்றுக்கு மட்டும் எங்களிடம் சுத்தத் தமிழ் இருக்கிறது.

மூன்றாவது, அச்சுக்குக் கீழே இருக்கிற பட்டையை மேலே கொண்டுவந்து கட்டுவது. நாலைந்து அங்குலம் தூக்கிவிடும். படிக்கிற பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், இத்தனை வருஷப் பட்டை வளைவு செத்து நேராகிப் போயிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். புதுப் பட்டை போட்டாலே பாதி உயரம் திரும்பி வந்துவிடும்.

பழவந்தாங்கல் வாசகி, புதன் மதியம் 1.05

தாங்கல் என்று சொல்லலாமே? வண்டியைத் தாங்குவதுதானே அதன் வேலை. குதிரைக் கோச்சில் உடலைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள், ஆங்கிலத்தில் தொங்குவது பொருந்தியது. ஜீப்பில் எது தொங்குகிறது? என் வாக்கு 'தாங்கல் உயர்த்தல்'.

தஞ்சைப் புலவர், புதன் மதியம் 1.50

அம்மா, தாங்கல் என்றால் ஏரி. உங்கள் ஊர்ப் பெயரே சாட்சி. வேடந்தாங்கலும் அப்படித்தான். 'தாங்கல் உயர்த்தல்' என்று எழுதினால் பொதுப்பணித் துறை கரையை உயர்த்துகிறது என்று பொருளாகும்.

(இதற்குப் பிறகு பழவந்தாங்கலில் உள்ள 'பழவந்' எது என்று பதினான்கு மடல்கள். அவற்றைத் தனி இழைக்கு நகர்த்திவிட்டேன். மட்டுறுத்துநர்)

கோவைப் பொறியாளர், புதன் இரவு 8.30

எல்லோரும் எந்தச் சொல் என்று கேட்கிறீர்கள். எது உயர்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பாடி லிஃப்ட்டில் சட்டத்துக்கும் (சேஸி) கூண்டுக்கும் (பாடி) நடுவே கட்டை வைக்கிறோம். கூண்டு மட்டும் உயரும், சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். சஸ்பென்ஷன் லிஃப்ட்டில் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. சட்டமும் அதன் மேல் உள்ளவையும் உயரும். அச்சு? அது ஒரு நூல்கூட உயராது. அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் கிரவுன் பெட்டி (பல்சக்கரப் பெட்டி) நேற்று எந்தக் கல்லில் இடித்ததோ அதே கல்லில்தான் நாளையும் இடிக்கும். அது உயர வேண்டுமானால் பெரிய டயர்தான் போட வேண்டும். பெரிய டயர் மட்காப்பில் உரசாமல் இருக்க இடம் கொடுப்பதுதான் இந்த லிஃப்ட் செய்கிற முக்கிய வேலை. ஆகவே நியாயமான பெயர் 'சட்ட உயர்த்தல்'. முடியாவிட்டால் லிஃப்ட் என்றே வையுங்கள். வடசொல்லை "வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை நீக்கி, எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியரே வழிவிட்டார், ஒரு லிஃப்ட்டுக்கா கோபப்படப் போகிறார்?

நாமக்கல் பட்டறை, புதன் இரவு 8.41

சட்ட உயர்த்தல் வேண்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வண்டி மாற்றம் பற்றி ஏற்கெனவே இருக்கிறது. ஆர்.டி.ஓ. படித்தால் இரண்டு சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

காரைக்குடி ஆச்சி, வியாழன் காலை 5.50

நான் வண்டி ஓட்டியதில்லை, ஏறியிருக்கிறேன். எங்கள் ஐயா வீட்டில் வில்வண்டி இருந்தது. சின்ன வயதில் அதன் அடியில்தான் விளையாடுவோம். இருசுக்கு, அதாவது அச்சுக்கு, மேலே இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகள் அடுக்கி இருக்கும், நீளமானது மேலே, போகப் போகக் குட்டையாகக் கீழே. நடுவில் கறுப்பு மசகு. என் பட்டுப் பாவாடை ஒன்று அதில் போய்த்தான் பாழானது. பெரியவர்கள் நாலு பேர் ஏறி உட்கார்ந்தால் வளைவு நிமிர்ந்து, இருசுக்கும் மேலே இருக்கிற வண்டிப் பாருக்கும் நடுவில் என் கை நுழையாது. இறங்கினால் நுழையும். அதை வில் என்றுதான் சொன்னோம். அது இருந்ததால்தான் அந்த வண்டிக்கே அந்தப் பெயர். பிறகு எதற்காகத் தூங்கலும் தொங்கலும்?

நாமக்கல் தம்பி மூன்றாவதாகச் சொன்னது எனக்குப் புரிந்தது. எங்கள் வண்டியில் வில் முதலிலிருந்தே அச்சுக்கு மேலேதான்.

கோவைப் பொறியாளர், வியாழன் காலை 7.15

ஆச்சிக்கு வணக்கம். இதை நான் யோசிக்கவே இல்லை. 'பட்டை' என்று வைத்தால் சுருள் ஸ்பிரிங் வண்டிகள் விடுபட்டுப் போகும். 2020இல் வந்த மகிந்திரா தார் ஜீப்பில் பட்டையே இல்லை. வில் என்றால் இரண்டும் அடங்கும். சுருள்வில் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 'வில் உயர்த்தல்', பாடி லிஃப்ட்டுக்குக் 'கூண்டு உயர்த்தல்'. என் சட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன், அரை மனத்தோடு. உயர்வது வில் இல்லையே!

தஞ்சைப் புலவர், வியாழன் காலை 10.00

வில்வண்டி நல்ல சான்று. ஏற்கிறேன். ஆனால் 'வில் உயர்த்தல்' என்று இடம்விட்டு எழுதுவது எந்த ஊர் வழக்கம்? தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். வில்லுயர்த்தல். தூக்கைச் சேர்த்தால் இன்னும் சுருக்கம், விற்றூக்கு. ஒற்றைப் பட்டையைச் சொல்ல விற்பட்டை.

ஆச்சி வண்டியைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். புறநானூறு 102இல் ஔவையார் உப்பு விற்கும் உமணரின் வண்டியைச் சொல்கிறார். "அவல் இழியினும் மிசை ஏறினும்" என்ன ஆகுமோ என்று அஞ்சி, கீழே மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு. மேடுபள்ளத்தில் ஓட்டுகிறவன் உதிரிபாகம் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆசிரியர் இந்தச் சொல்லையாவது கையேட்டில் சேர்க்கலாம்.

பழவந்தாங்கல் வாசகி, வியாழன் காலை 10.20

விற்பட்டை, விற்றூக்கு இரண்டையும் பார்த்தால் ஜீப்பை விற்றுவிட்டது போல இருக்கிறது. வாக்கை மாற்றுகிறேன். வில் உயர்த்தல், இடம்விட்டு.

போடி ஆசிரியர், வியாழன் இரவு 10.30

அனைவருக்கும் நன்றி. "தூங்கற்க தூங்காது செய்யும் வினை" என்று வள்ளுவர் சொல்லிவிட்டதால் இன்றிரவே முடித்துவிட்டேன். 'வில் உயர்த்தல்' என்று போட்டிருக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும், பட்டறையில் 'தூக்கிக் கட்டுதல்' என்பார்கள் என்று ஒரு வரி. ஆப்பு அப்படியே ஆப்பு. சேம அச்சை முன்னுரையில் சேர்த்தேன், புலவர் ஐயாவுக்காக.

நாமக்கல் பட்டறை, வியாழன் இரவு 10.44

தம்பி, பிரேக் ஹோஸ் பற்றி எழுதினீர்களா? வண்டி உயர்ந்தால் அது இழுத்துப் பிடிக்கும், நீளமானது மாற்ற வேண்டும். அச்சைச் சுழற்றுகிற புரோப்பல்லர் ஷாஃப்ட் சாய்வையும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதன் மூட்டில் இருக்கிற கிராஸ் சீக்கிரம் போய்விடும். ஷாக் அப்சார்பரும் பழையது எட்டாது.

போடி ஆசிரியர், வியாழன் இரவு 10.52

ஹோஸை விட்டுவிட்டேன் அண்ணா. இப்போதே சேர்க்கிறேன்.

தஞ்சைப் புலவர், வெள்ளி காலை 5.05

இடைவெளியோடு அச்சாவதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். இரண்டாம் பதிப்பிலாவது வில்லுயர்த்தல் ஆகட்டும். இருக்கட்டும், பட்டையை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டுக்கு என்ன வைத்தீர்கள்? 'கவைத்தாழ்' என்று ஒன்று தோன்றுகிறது. கவை என்பது

நாமக்கல் பட்டறை, வெள்ளி காலை 6.10

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. நல்லது. யூ போல்ட் யூ போல்ட்டாகவே இருக்கட்டும்.