மறுமொழி: ‘அழற்சி ஒடுக்கம்’ போதாது, ‘அழற்சி வடிதல்’ வேண்டும்

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

உண்ணிக்கடியால் வரும் லைம் நோயைப் பற்றிய கட்டுரையில் ‘ரெசல்யூஷன்’ (எழுந்த அழற்சி, அதாவது இன்ஃப்ளமேஷன், முடிவுக்கு வந்து அடங்குதல்) என்னும் ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் ‘அழற்சி ஒடுக்கம்’ என்று எழுதிவிடலாம் என ஐயா ஒருவர் முந்தைய மடலில் பரிந்துரைத்திருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஒடுக்கம் என்றதும் ஒடுக்குபவர் ஒருவர் வெளியிலிருந்து வந்துவிடுகிறார்; இங்கோ உடல் தான் மூட்டிய தீயைத் தானே இறக்குகிறது.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து லைம் என்ற ஊரில் 1970களின் நடுவில் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கியதால் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. இந்நோயை உண்டாக்கும் பொரெலியா என்னும் சுருள் பாக்டீரியாவை உண்ணியின் குடலில் வில்லி பர்க்டோர்ஃபர் என்ற ஆய்வாளர் கண்டது 1981இல். இந்தப் பொரெலியா நச்சு எதையும் சுரப்பதாக அறியப்படவில்லை. அதன் மேலுறையிலுள்ள கொழுப்புப் புரதங்களை நம் செல்கள் டிஎல்ஆர்-2 என்னும் ஏற்பி வழியே உணர்ந்து நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்களை வரவழைக்கின்றன; மூட்டு வீங்குவது பெரும்பாலும் அந்தப் படையால்தான். ஆகவே எவ்வளவு எரியவிடுவது, எப்போது இறக்குவது என்னும் இரண்டு வேலைகள் உடலுக்கு உண்டு, இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

முதல் வேலைக்கு ‘மட்டுறுத்தல்’ (அளவோடு நிறுத்துதல்) பொருந்தும். அழற்சியை மட்டுப்படுத்தும் இன்டர்லூக்கின்-10 என்னும் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்குப் பொரெலியாவைச் செலுத்தியபோது, மூட்டில் பாக்டீரியா குறைவாகவும் அழற்சி கடுமையாகவும் இருந்தன. அதாவது அந்தப் புரதம் கிருமியைச் சற்றே தங்கவிட்டு மூட்டைக் காக்கிறது. நம் குழுவின் மட்டுறுத்துநர் செய்வதும் ஏறக்குறைய இதுவே என்பதால், இச்சொல்லுக்கு இங்கே எதிர்ப்பு இராது என நம்புகிறேன்.

சிக்கல் இரண்டாவதில்தான். சி3எச் வகைச் சுண்டெலியின் கணுக்கால் வீக்கம் மூன்று, நான்கு வாரங்களில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மருந்தில்லாமலே இறங்கும். காக்ஸ்-2 என்னும் நொதியைத் தடுக்கும் மருந்தை இவ்வெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. வீக்கம் வழக்கம்போல வந்தது, இறங்கத்தான் இல்லை. மூட்டுவலிக்காரர்களுக்கு அழற்சியைக் குறைக்கவென்றே கொடுக்கப்படும் மருந்துவகை அது. ‘ஒடுக்கம்’ ஒன்றையே வைத்துக்கொண்டு இந்த முடிவை எழுதினால், ‘அழற்சி ஒடுக்க மருந்து அழற்சி ஒடுக்கத்தைக் கெடுத்தது’ என்று வரும். படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். ‘அழற்சித் தணிப்பு மருந்து அழற்சி வடிவதைக் கெடுத்தது’ என்றால் குழப்பமில்லை.

‘வடிதல்’ நான் புதிதாகச் செய்த சொல்லன்று. ‘கால் வீக்கம் வடிஞ்சுதா?’ என்றுதான் வீட்டில் கேட்கிறோம். அழற்சியில் அழல் இருப்பதால் ‘அவிதல்’ (தீ அணைதல்) என்று சொல்லவும் ஆசை வந்தது. ஆனால் இன்று அச்சொல்லைக் கேட்டால் இட்லிப் பானைதான் நினைவுக்கு வரும்.

சீழ் வடிதல், காது வடிதல் என்னும் வழக்குகள் இருக்கையில் ‘வடிதல்’ நேர்மாறான பொருள் தராதா என அம்மையார் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சீழ் வடிந்தால் வெளியே ஒழுகுகிறது, வீக்கம் வடிந்தால் குறைகிறது. எழுவாயே பொருளைத் தெளிவாக்கிவிடுவதால், ‘அழற்சி’ என்ற முன்சொல்லை விடாமல் எழுதினால் போதும்.

வடிதல் என்பது தானாக நடப்பதுபோல் ஒலிக்கிறது, உடலின் முயற்சி அதில் தெரியவில்லை என்பது அடுத்த தடை. ஆனால் ஊருக்குள் புகுந்த வெள்ளம் வடிகால் இல்லாமல் வடிவதில்லையே! மூட்டிலும் அப்படித்தான்: செத்த நியூட்ரோபில்களை மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கணுக்கள் விழுங்கி அகற்ற வேண்டும், லிப்பாக்சின், ரிசால்வின் போன்ற கொழுப்பு மூலக்கூறுகள் அந்த வேலையை முடுக்க வேண்டும். லிப்பாக்சின் உருவாக உதவும் 5-லிப்பாக்சிஜனேஸ் நொதி இல்லாத சுண்டெலிகளிலும் மூட்டழற்சி நீடித்தது. எனவே இம்மூலக்கூறுகளை ‘வடிகால் மூலக்கூறுகள்’ என்று அழைக்க முன்மொழிகிறேன்.

பெயராக்குகையில் ‘வடிவு’ வேண்டாம், அது உருவத்தையும் அழகையும் குறித்துவிடும். ‘வடிப்பான்’ என்பதையோ ‘ஃபில்டர்’ என்ற பொருளில் கணினித்துறையினர் எடுத்துக்கொண்டார்கள். ‘வடிகால் மூலக்கூறு’ நீளம் என்று தோன்றினால் குறுகிய சொல்லை எழுதுங்கள், கட்டாயம் மாற்றிக்கொள்கிறேன்; ‘ஒடுக்கி’ மட்டும் வேண்டாம்.