மூன்று புள்ளடி

வாட்ஸ்அப் குழு: லயத்து வீட்டு உறவுகள்
ஞாயிற்றுக்கிழமை

சின்னவன், மாலை 6.12
எல்லாரும் ஒரு நிமிடம் இதைப் பாருங்கள். வரலாற்றுப் பாடத்துக்கு ‘நமது மாவட்டத்து மக்கள் பிரதிநிதி ஒருவர்’ என்று ஒப்படை. நாளைக்குக் கொடுக்க வேண்டும். நான் மலையகத் தலைவர் தொண்டமானை எடுத்தேன். முதல் பந்தி:
“சௌமியமூர்த்தி தொண்டமான் 1913இல் தமிழ்நாட்டின் முனப்புதூரில் பிறந்து, சிறுவனாக இலங்கை வந்தார். 1947இல் நுவரெலியாத் தொகுதியில் வென்றார். அன்று முதல் 1999இல் இறக்கும் வரை மக்கள் அவரைத் தொடர்ந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தார்கள்.”

சித்தி, 6.13
இரண்டு கிழமையாகக் கேட்கிறேன், “ஒன்றும் இல்லை அம்மா” என்றான். இப்போது ராத்திரியில் ஒப்படையாம்.

கட்டார் சித்தப்பா, 6.15
விடு. நானும் அப்படித்தான் படித்தேன்.

சித்தி, 6.15
அதனால்தான் கட்டாரில் நிற்கிறீர்கள்.

பெரியப்பா, 6.21
மகன், கடைசி வரியை அழி. ‘தொடர்ந்து’ என்பது பிழை. அவர் தொகுதியில் நின்று வாக்கு வாங்கி வென்றது 1947இல். அடுத்து அப்படி வென்றது 1977இல். நடுவில் 30 வருடம்.

சின்னவன், 6.22
தோற்றுவிட்டாரா?

பெரியப்பா, 6.29
தோற்கவில்லை. வாக்குப் போட ஆட்கள் இல்லை.
1947இல் அவருடைய கட்சி, இலங்கை இந்தியக் காங்கிரஸ், ஏழு ஆசனம் வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், நம் தலவாக்கலையில் சி.வி.வேலுப்பிள்ளை, நாவலப்பிட்டியில் கே.இராஜலிங்கம், இப்படி. தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருந்த நம் ஆட்கள் போட்ட வாக்கு அது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கம். நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போனது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் ஏழு பேரில் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. ஆசனம் அங்கேயே இருந்தது, வாக்காளர் பட்டியலில் மட்டும் நம் ஆட்கள் இல்லை.

நான், 6.31
பெரியப்பா பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். தம்பி, கொப்பியைத் திற.

சின்னவன், 6.33
சிக்கல் என்னவென்றால் அக்கா, டீச்சர் ஓர் அட்டவணை தந்திருக்கிறார். ஆண்டு, தொகுதி, கட்சி என்று மூன்று நிரல். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாதாம். 1952க்கு என்ன போட?

கட்டார் சித்தப்பா, 6.34
சத்தியாக்கிரகம் என்று போடு. அந்த வருடம்தான் கொழும்பில் உட்கார்ந்தார்கள்.

பெரியப்பா, 6.40
அது சரி. ஆனால் அது தொகுதி நிரலுக்குள் வராதே தம்பி.
1960க்கு ‘நியமன உறுப்பினர்’ என்று எழுது. அப்போதைய சபையில் 151 பேர் தெரிவானவர்கள், ஆறு பேர் நியமனம். அந்த ஆறு நியமனம் 1947 யாப்பில் இருந்தது. தெரிவு செய்ய ஆள் இல்லாத கூட்டத்துக்கு அரசாங்கமே ஒருவரை நியமித்தது. 1965இலும் நியமனம்தான். முதலில் சிறிமாவோ அரசாங்கம், பிறகு டட்லி அரசாங்கம். 1972 யாப்பு வந்ததும் நியமனமும் இல்லை.

நான், 6.42
அப்படியானால் 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வரும்போது அவர் சபைக்குள்ளேதான் இருந்தாரா?

பெரியப்பா, 6.46
சபைக்குள்தான் இருந்தார், எதிர்த்துத்தான் பேசினார். யார் கேட்டது? பிரஜாவுரிமை இல்லாத நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு நாடும் கணக்கு முடித்தன. அந்த மிச்சத்தையும் 1974இல் 75,000, 75,000 என்று சரி பாதியாகப் பிரித்தார்கள்.
ஒன்று கவனித்தாயா மகள்? ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. தலைவர் இறந்தது 1999 அக்டோபர் 30.

கோத்தகிரி அத்தை, 6.50
அந்த 5,25,000இல் நாங்கள் ஐந்து பேர்.

கோத்தகிரி அத்தை, 6.58
எனக்கு ஆறு வயது. ஹட்டன் ஸ்டேசனில் எல்லாரும் கோச்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதது நினைவிருக்கிறது. ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். தலைமன்னார் வரைக்கும் அழுகைதான். சாமான் நிறை பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அம்மா மூன்று சேலையை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் வியர்த்து ஊற்றியது. ராமேஸ்வரத்தில் இறங்கியதும் முதல் வேலையாக இரண்டை அவிழ்த்தார்.
அம்மாவும் உங்கள் அப்பாயியும் கூடப்பிறந்தவர்கள். அப்பாயி வாக்கப்பட்டது பதிந்து பிரஜாவுரிமை வாங்கிய பதிவுப் பிரஜை வீட்டில், அம்மா வாக்கப்பட்டது கடதாசி இல்லாத வீட்டில். அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தி, 7.01
இதை இங்கே அத்தைக்கு, உங்கள் அப்பாயிக்கு, வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்.

கட்டார் சித்தப்பா, 7.05
நான் ஒன்று சொல்வேன், அண்ணன் கோபப்படக் கூடாது. 1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அமைச்சரவையில் சேர்ந்தார். கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி. 83இல் நம் ஆட்களை அடித்து விரட்டியபோதும் அமைச்சர் நாற்காலியில்தான் இருந்தார். 72இல் செல்வநாயகம், ஜி.ஜி.பொன்னம்பலத்தோடு கூட்டணியில் நின்றவர், தனிநாடு என்றதும் விலகினார். பிறகு பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா. நாலு ஜனாதிபதிக்கும் அமைச்சர். இதையும் அவன் எழுத வேண்டும்.

பெரியப்பா, 7.14
எழுதட்டும். 83இல் அவர் வெளியே வந்திருக்க வேண்டும் என்று நானும் அப்போது கத்தியவன்தான்.
ஆனால் அடுத்த வருடத்தையும் எழுத வேண்டும். 1984இல் அமைச்சராக இருந்துகொண்டே, தான் இருக்கிற அரசாங்கத்துக்கு எதிராகத் தோட்டத்தில் வேலைநிறுத்தம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது அதில்தான். 1986 தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம். காலையில் வேலைக்கு மலை ஏறாமல் பிரார்த்தனை. பிரஜாவுரிமைக்காக வேலைநிறுத்தம் என்றால் சட்டத்தில் பிடிப்பார்கள், சாமி கும்பிடுவதை யார் பிடிப்பது? அந்த வருடமும் 1988இலும் பிரஜாவுரிமை தரும் சட்டம் வந்தது. கடைசி மிச்சத்துக்கு 2003இல்தான், அவர் போய் நாலு வருடம் கழித்து.
என் அபிப்பிராயம்: அவருடைய பலம் பாராளுமன்ற ஆசனத்தில் இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடுகிற, அவருடைய தொழிற்சங்கத்துச் சந்தாவில் இருந்தது. வாக்கைப் பறித்தார்கள், சந்தாவைப் பறிக்க முடியவில்லை.

கட்டார் சித்தப்பா, 7.16
அந்தச் சந்தா எங்கே போனது என்று கேட்டால் இந்தக் குழுவை விட்டே நீக்கிவிடுவீர்கள்.

நான், 7.16
நீக்க மாட்டோம். அட்மின் நான்தான்.

சின்னவன், 7.18
77க்கு வாருங்கள். எனக்கு இன்னும் படம் ஒட்டுகிற வேலை இருக்கிறது.

பெரியப்பா, 7.23
நுவரெலியா–மஸ்கெலியா. ஒரே தொகுதிக்கு மூன்று உறுப்பினர். காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க, தொண்டமான். ஆளுக்கு மூன்று வாக்கு. மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே போடலாம்.

சின்னவன், 7.24
ஒருவருக்கே மூன்றா? கள்ள வாக்கு இல்லையா அது?

சித்தி, 7.31
இருங்கள், அத்தை பேசுகிறார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன்.
“கள்ள வாக்கா? உன் வாத்தியாரிடம் சொல்லு. சங்கத்துத் தலைவர் ராத்திரி லயத்துக்கு வந்தார். அடுப்புக் கரியை எடுத்து எங்கள் காம்பராச் சுவரில் ஒரு சேவல் வரைந்தார், தொண்டமானின் சின்னம். கோழியா சேவலா என்று தெரியாத சேவல். பக்கத்தில் மூன்று புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. ‘இப்படிப் போடணும், ஒன்றைக்கூட வேறு எவனுக்கும் கொடுத்துவிடாதே’ என்றார். எங்கள் லயத்தில் வாக்கு இருந்தது நாலைந்து பேருக்குத்தான். மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் முதல் வாக்கு. உள்ளே போனதும் கை நடுங்கியது. மூன்றாவது புள்ளடி கோணலாகப் போய்விட்டது, செல்லாதோ என்று ரிசல்ட் சொல்லும் வரைக்கும் பயம்.”

கோத்தகிரி அத்தை, 7.33
என் சித்தி, உங்கள் அப்பாயி, இதை இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லையே.

சித்தி, 7.34
யாரும் கேட்கவில்லை என்கிறார்.

சின்னவன், 7.52
மாற்றிவிட்டேன். பாருங்கள்:
“1947இல் மக்கள் வாக்களித்துச் சென்றார். 1952இல் அவருக்கு வாக்களித்தவர்களிடம் வாக்கு இருக்கவில்லை. 1960, 1965 இரண்டு முறையும் நியமனம். 1977இல் மூன்றாவதாக வந்து மீண்டும் தெரிவானார்.”
1952 கட்டத்தில் ‘வாக்காளர் இல்லை’ என்று போட்டிருக்கிறேன்.

பெரியப்பா, 7.54
நல்லது மகன். ‘இருக்கவில்லை’ என்பதை ‘பறிக்கப்பட்டிருந்தது’ என்று மாற்று.

சித்தி, 7.56
அத்தைக்கு ‘மூன்றாவதாக வந்து’ என்பது பிடிக்கவில்லை. அதை எடுக்கச் சொல்கிறார்.

சின்னவன், 7.57
மூன்றாவதுதானே வந்தார்?

சித்தி, 7.58
“மூன்றாவதாக வந்தவர் என்று எழுதத்தான் நான் மூன்று போட்டேனா?” என்கிறார்.

பெரியப்பா, 7.59
எடுத்துவிடு மகன். அம்மாவோடு வாதாட முடியாது.

சித்தி, 8.03
யார் வீட்டிலாவது கோந்து இருக்கிறதா? கடை பூட்டிவிட்டார்கள். இவனுக்குப் படம் ஒட்ட வேண்டும்.

கட்டார் சித்தப்பா, 8.04
சோற்றுப் பருக்கையால் ஒட்டு. நான் ஏ.எல். வரைக்கும் அப்படித்தான் ஒட்டினேன்.