உலை கொதிக்கும்போது வருவது காற்றுக் குமிழியா? மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய் நானே குழம்பிவிட்டேன்

மல்லிகைப்பந்தல் எழுதியது:

மகள் ஏழாம் வகுப்பு. நேற்று உலை கொதித்துக்கொண்டிருந்தபோது "அம்மா, அந்தக் குமிழிக்குள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டாள். காற்று என்றேன். டியூஷன் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. உடனே அவள், மூடிய பாத்திரத்தில் தொடர்ந்து கொதிக்கிறதே, அவ்வளவு காற்று தண்ணீருக்குள் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வேர்ப்பதற்கும் "தண்ணீர் கசிகிறது" என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். அப்புறம் 100 டிகிரியில்தான் தண்ணீர் ஆவியாகும் என்றால் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள், இன்று இரவு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி, அதை அவளிடம் சொல்லிவிடுங்கள். சூடேறத் தொடங்கும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிக் குமிழிகள் காற்றுதான், தண்ணீரில் கரைந்திருந்த காற்று. அது சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு தளதளவென்று அடியிலிருந்து எழும் பெரிய குமிழிக்குள் இருப்பது நீராவி, அதாவது தண்ணீரேதான், வாயு வடிவில்.

இந்தக் குழப்பம் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். இட்லிப் பானையைத் திறந்தால் வெள்ளையாக எழுகிறதே, அதை ஆவி என்கிறோம். உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது! வெள்ளையாகத் தெரிவது, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி திரவமாகிவிட்ட நுண்துளிகள். குக்கரில் வெயிட் போடுவதற்கு முன் அந்தக் குழாய் வாயைத் தள்ளி நின்று பாருங்கள் (கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்), வாயை ஒட்டிக் கொஞ்ச இடம் வெறுமையாகத் தெரியும், வெள்ளை அதற்கு மேலேதான் தொடங்கும். அந்த வெறுமையான இடத்தில் இருப்பதுதான் நீராவி. மேகமும் அப்படித்தான், அது நீராவி மூட்டை இல்லை, நுண்துளிகளும் பனித்துகள்களும். ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஏறக்குறைய 0.02 மில்லிமீட்டர், நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் கீழே இறங்கும், அதனால் மேலெழும் காற்றே அதைத் தாங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் சேர்ந்தால்தான் 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று.

துணி விஷயம்: ஆவியாவது வேறு, கொதிப்பது வேறு. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நடக்கும், ஆனால் மேற்பரப்பில் மட்டும். கொதிக்கும்போதுதான் உள்ளேயும் குமிழி உண்டாகிறது. அந்த 100 டிகிரியும் கடல் மட்டத்துக் கணக்கு, ஊட்டியில் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

தேனிக்காரன் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் வேட்டி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும், சென்னையில் இருந்தபோது அதைவிடச் சூடான நாளில்கூட அவ்வளவு சீக்கிரம் காயாது. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைய இருந்தால் ஆவியாவது மெதுவாகிவிடும், அதனால் வெயிலை மட்டும் பார்த்தால் போதாது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான், சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் எவர்சில்வர் டம்ளர் கசியாது, அங்கே காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. மகளுக்குக் காட்ட டம்ளரில் ரோஸ்மில்க் ஊற்றி வையுங்கள், வெளியே படியும் துளி நிறமில்லாமல் இருக்கும். இன்னும் நம்பவில்லையென்றால், நன்றாக மூடிய குளிர்ந்த பாட்டிலைத் துடைத்துச் சமையல் தராசில் வைத்துவிடுங்கள்.

எனக்கு வேறொரு ஆதங்கமும் உண்டு. நீர்ச்சுழற்சிப் படத்தில் கடலிலிருந்து ஒரு அம்பு, மலையில் மழை, ஆறு, மறுபடி கடல் என்று முடித்துவிடுகிறார்கள். மழையில் பெரும்பங்கு கடல்மேலேயே விழுகிறது என்பதையும், மரங்கள் இலை வழியாக விடும் நீரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்வதே இல்லை. நிலத்தடி நீர் என்றால் ஆறு மாதிரி கீழே ஓடுகிறது என்று நம்பித்தான் எங்கள் ஊரில் போர் போட்டுப் பணத்தை இழக்கிறார்கள். அது மணலின் இடுக்கிலும் பாறை வெடிப்பிலும் தங்கியிருக்கும் மழைநீர். வெடிப்பு இல்லாத பாறையில் எத்தனை அடி போனாலும் புழுதிதான் வரும்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாட்டிலை வைத்துப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் 4 கிராம் கூடியது. உள்ளேயிருந்து கசிந்திருந்தால் எடை அப்படியே இருந்திருக்கும் என்று அவளே சொன்னாள்! டியூஷன் நோட்டிலும் திருத்திவிட்டாள். இப்போது அடுத்த கேள்வி: ஃப்ரீசரில் ரொம்ப நாள் எடுக்காமல் விட்ட ஐஸ் கட்டி சிறுத்துப்போயிருக்கிறதே, உருகவே இல்லையே, அது எங்கே போனது?

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

உருகாமலே நேராக ஆவியாகிவிட்டது, பதங்கமாதல் என்று பாடத்தில் வரும். பூஜை டப்பாவில் கற்பூரம் கரைந்துபோகிறதே, அதே மாதிரி. ஃப்ரீசர் சுவரில் வெண்மையாகப் படிந்திருக்கும் பனியைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், காணாமல் போனதில் கொஞ்சம் அங்கே இருக்கும்.