கட்டமைப்பு மட்டுமா, முழு வேலையுமா: வீடு கட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

கட்டமைப்பை மட்டும் ஒப்பந்தத்துக்கு விட்டவர்

அஸ்திவாரம் முதல் மேல்தளம் வரை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டு, பூச்சு, தரை, கதவு, மின்சாரம், குழாய், வண்ணம் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆட்களை வைத்துக்கொண்டால் பணம் மிச்சமாகும் என்று பலரும் சொல்வார்கள். மாடியுடன் கூடிய எங்கள் வீட்டை அப்படித்தான் கட்டினோம். பணம் ஓரளவு மிச்சமானது உண்மை. ஆனால் அந்த மிச்சத்தை நான் லாபமாக எண்ணவில்லை. கான்ட்ராக்டர் பார்த்திருக்க வேண்டிய மேற்பார்வையை நான் பார்த்ததற்குக் கிடைத்த கூலியாகவே எண்ணுகிறேன்.

மதிப்பீடு வாங்கும்போதே ஒன்று தெரிந்துவிட்டது. கட்டமைப்பு வேலை எந்த இடத்தில் முடிகிறது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. ஒருவர் தூண், பீம், கான்கிரீட் தளம், செங்கல் சுவர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவர் வெளிப்பூச்சையும் கதவு நிலைகளையும் சேர்த்துக்கொள்கிறார். மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, கழிவுநீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் ஆகியவற்றை ஒருவர் சேர்க்கிறார், மற்றவர் விட்டுவிடுகிறார். ஆகவே சதுர அடிக்கு இவ்வளவு என்று வரும் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியாக எழுதி, உண்டா இல்லையா என்று எல்லோரிடமும் ஒரே தாளில் குறித்து வாங்கிய பிறகு, குறைந்த விலையாகத் தோன்றிய மதிப்பீடு உண்மையில் குறைவானதாக இல்லை.

இந்த முறையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் எங்கள் வீட்டின் மாடிப்படியில் வெளிப்பட்டது. படிக்கட்டுக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிக அச்சு) அடிக்கும் முன் பொறியாளர் வந்து, தரைக்கு என்ன போடப்போகிறீர்கள் என்று கேட்டார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். அவரோ, அது முடிவாகாமல் படி ஊற்ற வேண்டாம் என்று வேலையை நிறுத்தி வைத்து, காரணத்தைச் சுவரிலேயே பென்சிலால் வரைந்து காட்டினார். கான்கிரீட்டில் எல்லாப் படிகளையும் 150 மி.மீ. உயரத்தில் சமமாக ஊற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பிறகு கீழ்த்தரையில் கலவையும் டைல்ஸுமாக 50 மி.மீ. ஏறுகிறது, படியின் மேல் 20 மி.மீ. கல் மட்டும் ஏறுகிறது. அப்போது முதல் படியின் உயரம் 120 ஆகக் குறையும். மேல்தளத்திலும் அதே 50 ஏறுவதால் கடைசிப் படி 180 ஆக உயரும். நடுவில் உள்ளவை 150 ஆகவே இருக்கும். ஏறுபவரின் கால் ஒரே உயரத்தை எதிர்பார்த்துப் பழகிவிடுவதால், இந்த வித்தியாசம்தான் தடுக்கி விழச் செய்கிறது. தரையை முடிவு செய்து, கான்கிரீட்டிலேயே முதல் படியை 180 ஆகவும் கடைசிப் படியை 120 ஆகவும் ஊற்றிய பிறகே எங்கள் படிக்கட்டு முழுவதும் சமமாக வந்தது. கதவு நிலையின் உயரம், குளியலறைத் தளத்தின் பள்ளம், வாசற்படி மட்டம் ஆகிய அனைத்தும் இதே கணக்கைச் சார்ந்தவையே.

பூச்சு, தரை, வண்ணம் போன்ற முடித்தல் வேலைகளைப் பற்றிய முடிவுகளைத் தள்ளிப்போடலாம் என்பதற்காகவே பலர் கட்டமைப்பு ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என் அனுபவத்தில் அந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்தாக வேண்டியது அந்த ஒப்பந்தத்தில்தான். முழு ஒப்பந்தத்தில் தரை மட்டத்தை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமையாவது கான்ட்ராக்டருக்கு உண்டு.

மின்சார வேலை இன்னொரு தலைவலி. எலக்ட்ரீஷியன் நம் ஆள், கான்கிரீட்டுக்கு இரும்புக் கம்பி கட்டுபவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள். தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் ஊற்றுவதற்கும் இடைப்பட்ட குறுகிய நேரத்தில்தான் பைப்பும் மின்விசிறிப் பெட்டியும் வைக்க வேண்டும். ஊற்றும் நாளில் எலக்ட்ரீஷியன் உடன் நிற்காவிட்டால், யாரோ ஒருவர் பைப்பை மிதித்து இணைப்பு விலகிவிடும். பெட்டியின் வாயை டேப் ஒட்டி மூடாவிட்டால் கலவை உள்ளே புகுந்து இறுகிவிடும். ஊற்றும் தேதியை 1 வாரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்திருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

சுவர் விஷயத்தில் அப்படித் தப்ப முடியவில்லை. ஒரு படுக்கையறைச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தபோது மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. மேஸ்திரி, "பூச்சில் சரியாகிவிடும்" என்றார். பூச வந்தவரோ, வழக்கமான 12 மி.மீ. தடிமனுக்குத்தான் கூலி பேசியதாகவும், இங்கே 30 மி.மீ. போட வேண்டியிருப்பதால் சிமெண்டும் கூலியும் கூடும் என்றும் சொன்னார். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. இருவருக்கும் நடுவில் நின்று பணம் கொடுத்தது நாங்கள்.

முழு வேலையையும் ஒப்பந்தத்துக்கு விட்டவர்

மேலே எழுதியவர் சொன்ன நடுவில் நிற்கும் வேலை எனக்கு முடியாது என்பதால், நான் சாவியைக் கையில் வாங்கும் வரை ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். இதில் கிடைத்த பெரிய நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். குடிபோன பிறகு மாடிக் குளியலறையிலிருந்து கீழ்அறையின் கூரையில் ஈரம் படர்ந்தது. தளத்தில் விரிசலா, குழாய் இணைப்பில் கசிவா, டைல்ஸ் இடுக்கா என்று நான் ஆராய வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத்தில் 12 மாதக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது வேலையில் தெரியவரும் குறைகளைக் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டிய காலம், எழுதியிருந்தது, அவர்களே உடைத்துப் பார்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள். தனித்தனி ஆட்களாக இருந்திருந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டியிருப்பார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த பொருள் பட்டியலில், "நல்ல தரமான டைல்ஸ்", "முன்னணி நிறுவனத்தின் சுவிட்ச் அல்லது அதற்குச் சமமானது" என்பது போன்ற வரிகள் இருந்தன. எது எதற்குச் சமம் என்பதைப் பொருளை வாங்குபவரே தீர்மானிக்கிறார், வாங்குபவர் கான்ட்ராக்டர். சில பொருள்களுக்குத் தொகை மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் தொகைக்குள் கிடைத்த குழாய்களைக் கடையில் கையில் எடுத்துப் பார்த்தபோது, அந்த ஒதுக்கீடு மொத்த விலையைக் குறைத்துக் காட்டுவதற்காகப் போடப்பட்டது என்று விளங்கியது. வித்தியாசத்தைக் கூடுதல் வேலை என்ற தலைப்பில் நான்தான் கொடுத்தேன். நடுவில் ஒரு ஜன்னலை இடம் மாற்றக் கேட்டதற்கு அவர் சொன்ன விலைக்கு மறுபேச்சு பேசவும் வழியில்லை, ஏனெனில் வேலை பாதியில் இருக்கும்போது வேறு ஆளைக் கூட்டிவர முடியாது. கையெழுத்திடும் முன்பே மாற்றங்களுக்கான அலகு விலைகளை எழுதி வாங்குவது இதற்காகத்தான்.

பணம் கொடுக்கும் கட்டங்களைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் அட்டவணையில் மேல்தளக் கான்கிரீட் ஊற்றுவதற்குள் பெரும்பகுதித் தொகை போய்விடும்படி அமைத்திருந்தார்கள். சாதாரண வீட்டில் முடித்தல் வேலைகளின் செலவு கட்டமைப்பின் செலவுக்கு அருகிலேயே, சில வேளைகளில் அதற்கு மேலும் நிற்கும் என்ற நிலையில், இப்படி முன்பாரம் ஏற்றிய அட்டவணை பொருந்தாதது. கடைசிக் கட்டத்தில் கதவுக்குப் பாலிஷ், குளியலறைக் கண்ணாடி, வெளிச்சுவரின் இரண்டாம் பூச்சு வண்ணம் போன்றவை இழுத்துக்கொண்டே போயின. அவற்றை முடித்தால் அவருக்கு வரவேண்டியது மிகச் சிறிய தொகை, ஆட்களோ அடுத்த வீட்டின் அஸ்திவாரத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் 5 விழுக்காட்டைப் பிடித்து வைத்து, குறைபாட்டுக் காலம் முடிந்த பின் விடுவிப்பது என்ற ஏற்பாட்டை மட்டும் நான் வற்புறுத்தி வாங்கியிருந்தேன். அந்தத் தொகை இல்லையென்றால் அவர் திரும்பி வந்திருப்பாரா என்பது சந்தேகமே.

கட்டுமானத் தளங்களில் பணிபுரியும் பொறியாளர்

இரண்டு பதிவுகளிலும் கசிவும் மட்டமும் வருவது தற்செயலானது அன்று. கட்டமைப்பும் முடித்தலும் சந்திக்கும் இடங்கள் இவைதாம், தகராறு பிறப்பதும் இங்கேதான். ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு எல்லைக்கோட்டையே வேறு இடத்தில் போடச் சொல்கிறேன். கான்கிரீட், சுவர் ஆகியவற்றோடு சுவருக்குள் புதையும் மின் பைப், தண்ணீர்க் குழாய், நீர்க்கசிவுத் தடுப்பு, உள்பூச்சு, வெளிப்பூச்சு ஆகியவற்றையும் ஒருவரிடமே கொடுத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியும் டைல்ஸ், வண்ணம், விளக்கு, அலமாரி ஆகியவற்றை உரிமையாளர் வைத்துக்கொள்ளட்டும். புதையும் வேலைக்கு ஒரே பொறுப்பாளி கிடைக்கிறார். ரசனை சார்ந்த செலவு நம் கையில் இருக்கிறது. முழு நேரமும் தளத்தில் நிற்கக்கூடியவர்களுக்கும், தெரிந்த ஆட்கள் உள்ளவர்களுக்கும் கட்டமைப்பு மட்டும் என்ற ஒப்பந்தம் பொருந்தும். வேறு ஊரில் இருந்துகொண்டு கட்டுபவர்களுக்கு அதை நான் சொல்வதே இல்லை.

எல்லை எங்கே இருந்தாலும், ஒப்படைக்கும் நாளில் ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வோர் அறையின் மூலைவிட்ட அளவு, சுவர்களின் தூக்கு, தரை மட்டம் ஆகியவை அதில் இருக்கட்டும். குளியலறைகளில் வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்ப்பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். குழாய் பதித்து நீர்த்தடுப்பு பூசிய பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், அதே சோதனையை மீண்டும் செய்யுங்கள். கசிவு எந்தக் கட்டத்தில் வந்தது என்பதில் அதற்குப் பிறகு வாக்குவாதம் இருக்காது.

பணம் சேரட்டும் என்று கட்டமைப்போடு நிறுத்தி வைப்பவர்களுக்கும் ஒன்று. பூசாத சுவர்கள் மழையைக் குடிக்கும், மேல்நோக்கி நீட்டி விட்ட கம்பிகள் துருப்பிடிக்கும். அப்படி நிறுத்துவதாக இருந்தால் வெளிப்பூச்சையும் மொட்டைமாடியின் நீர்த்தடுப்பையும் முடித்துவிட்டு நிறுத்துங்கள். நீட்டிய கம்பிகளுக்குச் சிமெண்ட் பால் பூசி, மேலே மெலிந்த கான்கிரீட்டால் மூடி, மாடியின் மழைநீர்க் குழாய்களில் குப்பை அடைக்காமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.