ஸ்பீக்கர் ஒயர் மாத்தினா சத்தம் நிஜமாவே மாறுமா?

வணக்கம் நண்பர்களே, ஹால்ல ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர்) இருந்து வலது ஸ்பீக்கருக்கு செவத்தோரமா சுத்தி 10 மீட்டர் ஒயர் ஓடுது, மெல்லிசான 18 கேஜ் (நம்பர் கூடக் கூட ஒயர் மெல்லிசு), ஸ்பீக்கர் 8 ஓம். போக வர 20 மீட்டர், சுத்த செம்பா இருந்தாலே 0.4 ஓம் மின்தடை ஒயருக்கே போயிடும், 14 கேஜ் போட்டா 0.17 தான். நேத்து முனையைச் சீவிப் பாத்தா மேல மட்டும் செம்பு, உள்ள வெள்ளையா அலுமினியம், ரொம்ப வருத்தமாயிடுச்சு.

கடையில மீட்டர் 1500 ரூபா ஒயரைக் காட்டி பேஸ் (கனமான அடிச் சத்தம்) அப்படியே தொறக்கும்ங்கறாங்க. எனக்கு நம்பிக்கை வரல. சாதா செம்பு 14 கேஜ் போதுமா? எந்த ஒயர்னு தெரியாம மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், அப்பா தெனமும் காலையில நாதஸ்வரம் கேப்பாரு, அவருக்காகத்தான் கேக்கறேன்.