ஹட்டன் – நுவரெலியா பக்கம் அலன் வேக் 2 கோப்புகள் யாரிடம் இருக்கு?

அண்ணாமார், தம்பிமார், ஒரு உதவி. அலன் வேக் 2 என்ற கேமை கணினிக்கு எபிக் ஸ்டோரில் மட்டுந்தான் விற்கிறார்கள். 2023இல் வந்தது, ஸ்டீமுக்கு வரவில்லை. என் கணினியில் இருப்பது லினக்ஸ், எபிக் லாஞ்சருக்கு லினக்ஸ் பதிப்பும் கிடையாது. காசு கொடுத்து வாங்குகிறவனை இப்படி அலைய விடுவது நியாயமே இல்லை.

எபிக் கேம்களை லினக்ஸில் இறக்கி ஓட்ட உதவும் ஹீரோயிக் லாஞ்சரில் என் எபிக் கணக்கு ஏறிவிட்டது, கேமும் வாங்கியாச்சு. ஆனால் கிட்டத்தட்ட 90 ஜிபியை மலையில் 4ஜி ரவுட்டரில் இறக்குவது நடக்காத காரியம். விண்டோஸில் இறக்கி வைத்திருப்பவர்கள் ஹார்ட் டிஸ்கில் கொப்பி தந்தால் போதும், தலவாக்கலை வரைக்கும் வந்து எடுக்கலாம்.

கொப்பி பண்ணும்போது உள்ளே இருக்கும் '.ஈஜிஸ்டோர்' ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். அது இருந்தால்தான் கொப்பியை ஹீரோயிக்கில் சேர்க்கும்போது, அதாவது இம்போர்ட் செய்யும்போது, எந்த வெர்ஷன் என்று ஹீரோயிக்குக்குத் தெரியும். டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் இருக்கட்டும். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானின் பிரிஃபிக்ஸ் ஃபோல்டர் மட்டும் என் கணினியில் லினக்ஸின் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் இருக்கும், எக்ஸ்ஃபேட்டில் சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) உருவாகாதே.

இப்படி இம்போர்ட் செய்தவர்களிடம் ஒரு கேள்வி: வெர்ஷன் பழசாக இருந்தால், அப்டேட்டுக்கு எத்தனை ஜிபி இறங்கியது? இரவு டேட்டாவுக்குள் முடியுமா? கிராஃபிக்ஸ் கார்ட் ஆர்எக்ஸ் 6600; புரோட்டானின் மாற்றுப் பதிப்பான புரோட்டான்-ஜிஇயில் எந்த வெர்ஷன் சரியாக ஓடுகிறது என்றும் சொல்லுங்கள்.