ஹோம் நகர்ந்த அனுபவம்: உங்கள் மெஷினில் நடந்ததையும் எழுதுங்கள்

கோவை செட்டர்:
பழைய விஎம்சி (செங்குத்து சிஎன்சி மில்லிங் மெஷின்). ஹோம் என்றால் மெஷின் தன் அளவை எண்ணத் தொடங்கும் நிலையான இடம்; எங்களுடையது டாக் வைத்தது, அதாவது ஸ்விட்சை அமுக்கும் உலோகக் கட்டை. காலையில் ஆன் செய்து மூன்று ஆக்சிஸுக்கும் ரெஃபரன்ஸ், அதாவது ஹோம், எடுத்தாயிற்று. முந்தின நாள் ஓடிய அதே புரோகிராம், அதே ஜி54 (ஹோமிலிருந்து பீஸ் இருக்கும் தூரம்). டிரில் இறங்குகிறது, நேராகக் கிளாம்ப் போல்ட்டின் தலைக்கு! பையன் எமர்ஜென்சியை அடித்தபோது இடையில் ஒரு தீக்குச்சி தடிமன்கூட இல்லை. அளந்து பார்த்தால் எக்ஸ் சரியாக 10 மி.மீ. தள்ளியிருக்கிறது. 9.8 இல்லை, 10.1 இல்லை. சர்வீஸுக்கு வந்தவர் என்கோடர் (மோட்டாரின் சுழற்சியை எண்ணும் சென்சார்) போச்சு என்று கொட்டேஷன் எழுத உட்கார்ந்துவிட்டார். ஆக்சிஸை நகர்த்தும் எங்கள் பால் ஸ்க்ரூவின் பிட்ச் 10, அதாவது ஒரு சுற்றுக்கு 10 மி.மீ.; மோட்டார் நேரடிக் கப்ளிங். என்கோடரில் ஒரு சுற்றுக்கு ஒரு மார்க்கர் சிக்னல்; ஸ்விட்ச் டாக்கை விட்டபின் வரும் முதல் மார்க்கர்தான் ஹோம். ஸ்விட்ச் டாக்கை விடும் இடமும் மார்க்கரும் ஒட்டி இருந்தால், ஸ்விட்ச் மயிரிழை தாமதித்தாலும் அந்த மார்க்கர் கைவிட்டுப் போய் அடுத்ததுதான் ஹோம். ஃபேனக் கன்ட்ரோலின் டயக்னோஸ் திரையில் 302, டாக்கை விட்ட இடத்திலிருந்து மார்க்கர் வரையுள்ள தூரத்தைக் காட்டும். எங்களுக்குக் கிட்டத்தட்ட சுழி. டாக்கை அரை பிட்ச் தள்ளி முறுக்கினோம், அவ்வளவுதான். அதே என்கோடர்தான் இன்றும் ஓடுகிறது.

ஓசூர் லேத்:
அண்ணா, உங்களுக்கு முழு பிட்ச் போனது, அதனால் சீக்கிரம் பிடிபட்டது. எனக்கு 40 மைக்ரான். காலை முதல் பீஸ் ஓகே, மதியத்துக்குள் ஷோல்டர் நீளம் மாறிவிடும். முதலாளி பக்கத்தில் நின்று ‘ஹோம் எடு, ஹோம் எடு’ என்பார். டர்ரெட் (டூல்களைத் தாங்கும் தலை) முகத்தில் டயல் கேஜை வைத்து அடுத்தடுத்து ஹோம் எடுத்துக் காட்டினேன். முள் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வந்து நின்றது. ஆனால் அது காலையில் இருந்த கோடு இல்லை! மெஷினை நிறுத்தி, கவரைக் கழற்றி, ஸ்க்ரூவைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். வெதுவெதுவென்று இருந்தது. எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 12 மைக்ரான் நீளும். அரை மீட்டர், 7 டிகிரி என்றால் 42. என்கோடர் மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்க்ரூ நீண்டது அதற்கு எப்படித் தெரியும்? இப்போது முதல் பீஸுக்கு முன் வார்ம்-அப் ஓட்டுகிறோம். முதலாளி இன்னும் ஹோம் எடுக்கத்தான் சொல்கிறார்.

அம்பத்தூர் மெயின்டனன்ஸ்:
டாக் மெஷின்காரர்கள் புண்ணியம் செய்தவர்கள். பொங்கல் லீவு முடிந்து வந்து ஆன் செய்தால் எல்லா ஆக்சிஸிலும் 300 அலாரம், அதாவது ஹோம் தொலைந்துவிட்டது. லீவுக்கு முன்பே 307, அதாவது என்கோடர் பேட்டரி இறங்குகிறது என்ற எச்சரிக்கை, வந்திருக்கிறது. யாரோ கன்ட்ரோலில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரியை மாற்றிவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டார்கள். அது மெமரிக்கு. டாக் இல்லாமல், பேட்டரியை நம்பி இடத்தை நினைவில் வைக்கும் அப்சல்யூட் என்கோடருக்கு மோட்டார் ஆம்ப்ளிஃபயர் பக்கம் 6 வோல்ட் தனி.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என்கோடர் பேட்டரியை மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும். கைக்கு எட்டாத இடம் என்று மெயினை அணைத்தீர்களோ, பொசிஷன் போச்சு. போய்விட்டால் முதலில் ஒவ்வொரு மோட்டாரையும் ஒரு சுற்றுக்கு மேல் ஜாக் செய்து (பட்டனால் நகர்த்தி), ஆஃப் ஆன் செய்யுங்கள். பிறகு மெஷினில் போட்டிருக்கும் குறிக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, பாராமீட்டர் 1815இல் ஏபிஇசட் பிட்டை (இதுதான் ஹோம் என்று கன்ட்ரோலுக்குச் சொல்வது) 1 ஆக்கி, மறுபடி ஆஃப் ஆன். கோடு அழிந்திருந்தால் இன்றே பெயின்ட் மார்க்கரால் போட்டு வையுங்கள். ஜாக் செய்யும்போது சாஃப்ட் லிமிட் (கன்ட்ரோலில் வைத்த எல்லை) காப்பாற்றாது, வேக ஓவர்ரைடைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். இசட் மட்டும் விளையாட்டு இல்லை. டூல் சேஞ்ச் உயரம் அதை நம்பித்தான் இருக்கிறது, சில மில்லி மாறினாலும் ஆர்ம் டூலைப் பிடிக்காமல் இடிக்கும். முதல் டூல் சேஞ்சை ஒவ்வொரு அசைவாக, டூல் இல்லாமல் பாருங்கள்.

மரவேலை ரூட்டர்:
நீங்கள் எல்லாம் மைக்ரான் பேசுகிறீர்கள். நமக்கு ஜிஆர்பிஎல் (இலவச சிஎன்சி மென்பொருள்) போர்டு, சாதா மைக்ரோ ஸ்விட்ச். தேக்குக் கதவில் தாமரை, பாதி செதுக்கியாயிற்று, ஹார்ட் லிமிட் (எல்லை ஸ்விட்ச்) அலாரம் அடித்து நின்றது. ஸ்விட்ச் பக்கமே போகவில்லை! மறுபடி ஹோம் எடுத்து விட்ட இடத்திலிருந்து ஓட்டினேன். இதழின் நடுவே நகம் தட்டுகிற மாதிரி ஒரு படி. கஸ்டமர் வந்து முதலில் விரல் வைத்ததே அங்கேதான். ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் கேபிளும் ஸ்விட்ச் கேபிளும் ஒரே செயினில் ஓடி, மின் இரைச்சல் புகுந்ததுதான் காரணம். ஷீல்டு கேபிள் போட்டுத் தனியாகப் பிரித்தேன், ஸ்விட்சை என்சி (தொடாதபோது சர்க்யூட் மூடியிருப்பது) ஆக்கினேன். ஹோம் எடுக்கும்போது ஸ்விட்சை இரண்டாவது முறை தொடும் வேகத்தை, அதாவது $24 அமைப்பை, நன்றாகக் குறைத்தேன். அலாரம் போச்சு, ஹோமும் ஒரே இடத்தில் நிற்கிறது.

ஓசூர் லேத்:
@மரவேலை ரூட்டர், ப்ராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே உலோகத்தை உணர்வது) போட்டிருந்தால் தொல்லையே இல்லை. @கோவை செட்டர், டாக்கை ஏன் கழற்ற வேண்டும்? பாராமீட்டர் 1850இல், அதாவது மார்க்கர் இடத்தைக் கன்ட்ரோலிலேயே தள்ளும் கிரிட் ஷிஃப்டில், அளவைப் போட்டால் முடிந்தது.

கோவை செட்டர்:
தம்பி, ப்ராக்ஸிமிட்டி முகத்தில் ஒரு இரும்புச் சிப் ஒட்டினால் போதும், முன்கூட்டியே அடித்துவிடும். மரத்தூளில் சரி, எங்கள் ஷாப்பில் ஆகாது. 1850ஐ மாற்றினால் ஹோமே நகரும். ஜி54, பேலட், டூல் சேஞ்ச் எல்லாம் மறுபடி பார்க்கணும். டாக்கைச் சரியான பக்கம் தள்ளினால் பழைய மார்க்கரே கிடைக்கும், ஆஃப்செட்டில் கை வைக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் முதலில் வைஸின் நிலையான தாடையில் டயலை வைத்துவிட்டு டாக்கைத் தொடுங்கள்.